கலிபோர்னியாவின் மக்கள் பெருக்கத்தைப் படிப்பது எப்படி: ஒரு பழைய கட்டட அனுமதி எழுத்தரின் வழி

1940இல் 69 லட்சம். 1950இல் 1.06 கோடி. 1960இல் 1.57 கோடி. 1970இல் ஏறத்தாழ 2 கோடி. போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நான்கு எண்களை வரிசையாக வைத்துவிட்டு, மாநிலத்தின் அரசியலும் சமூகமும் அடியோடு மாறிவிட்டன என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது வழக்கம். எண் ஏறினால் அரசியல் தானாக எப்படி மாறும்? நடுவில் என்ன நடந்தது? அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) தென்கிழக்கு மூலையில் ஒரு சிறிய நகராட்சியில், கட்டட அனுமதி மேசையில் பணி ஓய்வு வரை உட்கார்ந்திருந்தவள். என் மேசைக்கு வந்த காகிதங்களில் பெரும்பாலானவை 1950களில் பிறந்தவை: மனைப் பிரிவு வரைபடங்கள், கழிவுநீர்க் குழாய் போகும் வழிக்கான உரிமைப் பத்திரங்கள், மஞ்சளாகிப்போன கிரயப் பத்திரங்கள். அவற்றைப் புரட்டிப் புரட்டி எனக்கு ஒரு விஷயம் உறுதிப்பட்டது. ஆட்கள் வேகமாக வந்துவிடுவார்கள். பதவியையும் தண்ணீரையும் வரியையும் பங்கு போடும் விதிகள் மெதுவாகத்தான் வந்து சேரும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆண்டுகளில்தான் அரசியல் நடக்கிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது மக்கள்தொகையை அல்ல, அந்தத் தாமதத்தை.

மாநில மொத்தத்தை மூடி வையுங்கள்

முதலில் கவுண்டிவாரியான கணக்கெடுப்பு அட்டவணையை எடுங்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1950, 1960 ஆகிய இரண்டு பத்திகள் போதும். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளையும் ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம்.

ஆரஞ்சு கவுண்டி 2.16 லட்சத்திலிருந்து 7.04 லட்சத்துக்குப் போயிருக்கும். இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று சொல்லும் சாண்டா கிளாரா 2.9 லட்சத்திலிருந்து 6.4 லட்சத்துக்கு. அதே பத்தாண்டில் சான் பிரான்சிஸ்கோ சுமார் 35,000 பேரை இழந்திருக்கிறது! மாநிலம் அரைக் கோடி பேரைக் கூட்டிக்கொண்டபோது அதன் பழைய தலைநகரம் போன்ற ஊர் சுருங்கிவிட்டது. சியரா மலைமீது இருக்கும் ஆல்பைன் கவுண்டியில் 1960இல் மொத்தம் 397 பேர். இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மாநிலம் முழுவதும் சீராகப் பெருகியிருந்தால் பங்கு கேட்டுச் சண்டை வந்திருக்காது. ஓரிடத்தில் வீங்கி ஓரிடத்தில் மெலிந்ததால்தான் வந்தது. வீங்கிய இடங்களை ஒரு வண்ணத்தில், மெலிந்த இடங்களை இன்னொரு வண்ணத்தில் வரைபடத்தில் தீட்டுங்கள். நான் மேசை விரிப்பு அளவுக்கு ஒரு வரைபடத்தை வாங்கிப் பென்சிலால் தீட்டினேன். கணினியில் செய்வதைவிட இதில் கை வலிக்கும், ஆனால் எந்தக் கவுண்டிக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பது மறக்காது.

வந்தவர்களின் வயதைப் பாருங்கள்

போர்க்காலத்தில் ஆட்களை இழுத்தவை கப்பல் பட்டறைகளும் விமானத் தொழிற்சாலைகளும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரத்தில் இருக்கும் ரிச்மண்ட் என்ற ஊரில் 1940இல் 24,000 பேர்கூட இல்லை. கைசர் நிறுவனத்தின் கப்பல் பட்டறைகள் வந்ததும் போர் முடிவதற்குள் மக்கள்தொகை லட்சத்தைத் தொட்டது. லூசியானா, டெக்ஸாஸ், ஆர்கன்சா பக்கமிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வந்தன. போர் முடிந்தது, பட்டறைகள் மூடப்பட்டன, மக்கள் திரும்பவில்லை. அதற்கு மேல், பசிபிக் போர்முனைக்குப் போகும் வழியில் கலிபோர்னியாவின் வெயிலைப் பார்த்துவிட்ட படைவீரர்கள் பலர் போருக்குப் பின் குடியேறவே வந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் இளம் தம்பதிகள். ஆகவே 1940களின் குடியேற்றம் 1950களில் தொட்டிலாகவும், பிறகு பள்ளி பெஞ்சாகவும், 1960களில் கல்லூரி விண்ணப்பமாகவும் மாறுவதை வயதுவாரி அட்டவணையில் விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். புதிய புறநகர்களில் வகுப்பறை போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பள்ளிகள் நடந்தன.

1960இல் வந்த உயர்கல்விப் பெருந்திட்டத்தை இந்த வரிசையில் வைத்துப் படியுங்கள். மேனிலைப் பள்ளி முடித்தவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் ஈராண்டுக் கல்லூரிகள். மாநிலவாசிகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்பது அன்றைய கொள்கை. கொடை உள்ளம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். வரப்போகும் கூட்டத்தை வரிசையில் நிறுத்த வேறு வழி இல்லை என்பதும் உண்மை. சான் டியேகோ, அர்வைன், சாண்டா குரூஸ் ஆகிய இடங்களில் புதிய வளாகங்கள் திறந்தன. 1964 இலையுதிர் காலத்தில் பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தது. 1966 தேர்தலில் ரொனால்ட் ரீகன் அந்தப் பெர்க்லியைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆளுநர் பாட் பிரவுனை ஏறத்தாழ பத்து லட்சம் வாக்குகளில் தோற்கடித்தார். 1967 ஜனவரியில் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் நீக்கப்பட்டார். பெருந்திட்டத்துக்கு வரி கட்டிய அதே பெற்றோர் தலைமுறைதான் அதில் படித்த பிள்ளைகளைக் கண்டு மிரண்டு ரீகனுக்கு வாக்களித்தது.

நாற்காலிகளை எண்ணுங்கள்

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

நாடாளுமன்ற மக்கள் சபையின் கணக்கு எளிது. பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் இடங்கள் தாமாகப் பிரிக்கப்படும். கலிபோர்னியாவுக்கு 1940 கணக்கெடுப்புக்குப் பின் 23 இடங்கள், 1950க்குப் பின் 30, 1960க்குப் பின் 38, 1970க்குப் பின் 43. தாமதம் அதிகம் போனால் பத்தாண்டு. வாஷிங்டனில் கலிபோர்னியாவின் எடை கூடிய கதை இவ்வளவுதான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

மர்மம் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் இருந்தது. 1926இல் வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பில் ஒரு விதியை ஏற்றுக்கொண்டார்கள்: மாநில செனட்டின் (சட்டமன்ற மேலவையின்) 40 இடங்களில் எந்தக் கவுண்டிக்கும் ஒன்றுக்கு மேல் கிடையாது, ஓர் இடத்தை மூன்று கவுண்டிகளுக்கு மேல் பகிரவும் கூடாது. லாஸ் ஏஞ்சலஸின் வளர்ச்சியைக் கண்டு பயந்த வடக்கத்தியரும் விவசாயிகளும் போட்ட வேலி அது. 1960 கணக்கெடுப்பை இந்த விதியின் மேல் பொருத்திப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் 60,38,771 பேருக்கு ஒரு செனட்டர். ஆல்பைன், இன்யோ, மோனோ ஆகிய மூன்று மலைக் கவுண்டிகளின் 14,294 பேருக்கும் ஒரு செனட்டர். வகுத்துப் பாருங்கள், 422 மடங்கு வரும். ஆல்பைனின் 397 பேரைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு கேள்வி உங்களுக்கே எழ வேண்டும். தெற்கில்தான் வாக்குகள் குவிந்திருந்தனவே, நேரடி வாக்கெடுப்பில் இதை மாற்றியிருக்கலாமே? 1948, 1960, 1962 என மூன்று முறை மாற்றும் முயற்சி வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று முறையும் தோற்றது. சான் பிரான்சிஸ்கோவின் வணிகர்கள் லாஸ் ஏஞ்சலஸுக்கு அஞ்சினார்கள். பெரிய தொழில் நிறுவனங்களுக்கும் பழகிய செனட்டர்கள் வசதியாக இருந்தார்கள். புதிதாக வந்தவருக்கோ தமக்குச் சேர வேண்டிய செனட்டர்களின் எண்ணிக்கை எத்தனை என்பதே தெரியாது. எண்ணிக்கை பெரிதாக இருந்தும் அதிகாரம் வந்து சேராததற்கு இதைவிடத் துலக்கமான சான்றை நான் பார்த்ததில்லை.

கடைசியில் மாற்றியது மாநில மக்கள் அல்ல, அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1964 ஜூனில் வந்த ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பு, மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும் என்றது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி எர்ல் வாரன், கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர். 1948இல் ஆளுநராக இருந்தபோது பழைய முறையை ஆதரித்துப் பேசியவரும் அவரே. 1966 தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு ஒன்றாக இருந்த செனட் இடங்கள் பன்னிரண்டைத் தாண்டின. அதே ஆண்டு சட்டமன்றத்தை முழுநேர அவையாக மாற்றும் திருத்தத்தையும் வாக்காளர்கள் ஏற்றார்கள்.

கட்சிகளிலும் இதே தாமதம் உண்டு. 1930களின் நடுவிலிருந்தே பதிவு செய்த வாக்காளர்களில் ஜனநாயகக் கட்சியினரே அதிகம். ஆனாலும் ஆளுநர் பதவி பெரும்பாலும் குடியரசுக் கட்சியிடம்தான் இருந்தது. 1913இலிருந்து ஒரு வேட்பாளர், எதிர்க்கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலிலும் போட்டியிடலாம் என்று விதி. வாக்குச் சீட்டில் அவர் எந்தக் கட்சி என்றுகூடப் போடமாட்டார்கள். வந்த புதிதில் தெரிந்த பெயருக்கு முத்திரை குத்திவிட்டுப் போவதுதானே மனித இயல்பு? 1946இல் வாரன் இரண்டு கட்சிகளின் வேட்பாளராகவும் வென்றார். 1954 உட்தேர்தலிலிருந்து சீட்டில் கட்சியின் பெயர் வந்தது, 1958இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியையும் சட்டமன்றத்தையும் பிடித்தது, 1959இல் அந்த முறையே ஒழிந்தது.

தலிப் சிங் சவுந்த் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பஞ்சாபிலிருந்து 1920இல் படிக்க வந்தவர், இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்தவர். இந்தியர்கள் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. 1949இல் குடிமகனானார், 1956இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய வம்சாவளியினர் ஒருவர் வாக்குரிமையுள்ள உறுப்பினராக அந்த அவைக்குப் போனது அதுவே முதல் முறை. மனிதர் வந்தது 1920, விதி வந்தது 1946.

ஒரு குழாயைப் பின்தொடருங்கள்

மக்கள் தெற்கில், மழை வடக்கில். பாட் பிரவுன் ஆளுநரானதும் கையில் எடுத்த பெரிய வேலை மாநிலத் தண்ணீர்த் திட்டம். வடக்கே ஓரோவில்லில் 770 அடி உயர அணை, அங்கிருந்து மாநிலத்தின் நடுப்பகுதி நெடுகக் கால்வாய், கடைசியில் டெஹாசப்பி மலைமேல் ஏறத்தாழ 2,000 அடிக்குத் தண்ணீரை ஏற்றும் இறைப்பு நிலையம். இதற்கு 175 கோடி டாலர் கடன் பத்திரம். 1960 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு.

அந்த வாக்கெடுப்பின் கவுண்டிவாரி முடிவை எடுத்து, முன்பு தீட்டிய வரைபடத்தின் மேல் பொருத்துங்கள். சுமார் 58 லட்சம் வாக்குகளில் 1.74 லட்சம் வித்தியாசத்தில்தான் தப்பியது. வடக்குக் கவுண்டிகளில் ஆதரித்தது பியூட் ஒன்றே. அது ஏன் என்று யோசிக்க வேண்டியதே இல்லை, ஓரோவில் அணை அங்கேதான் கட்டப்படவிருந்தது!

இன்னும் ஒரு படி ஆழமாகப் போக விருப்பமுள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. செனட் வடக்கத்தியர் கையில் இருந்தபோது இந்த மசோதா அங்கே எப்படிப் பிழைத்தது? மசோதாவின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது: பர்ன்ஸ்–போர்ட்டர் சட்டம். பர்ன்ஸ் ஃபிரெஸ்னோ விவசாயப் பகுதியின் செனட்டர். போர்ட்டர் தெற்கே காம்ப்டனின் கீழவை உறுப்பினர். மத்தியப் பள்ளத்தாக்கின் பெருநில உடைமையாளர்களுக்கும் அதே கால்வாயில் தண்ணீர் உண்டு. 1955 டிசம்பரில் யூபா சிட்டியை மூழ்கடித்த வெள்ளத்தைக் காட்டி வடக்குக்கும் அணை வேண்டும் என்று வாதிட முடிந்தது. வடக்கின் சிறு அணைகளுக்கென்றும் கடன் தொகையில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். குடிநீர் தெற்கு நகரங்களுக்கு என்று பள்ளிப் பாடம் சொல்லும். யார் யாருக்கு என்ன கொடுத்து வாக்கு வாங்கினார்கள் என்பதைச் சட்டத்தின் பிரிவுகள் சொல்லும். பிரிவுகளைப் படியுங்கள்.

சாலையிலும் இதே பாடம்தான். பெட்ரோல் வரியை உயர்த்தி, ஃப்ரீவே என்னும் விரைவுச் சாலைகளுக்குப் பணம் சேர்த்த 1947 சட்டத்தின் முக்கியப் புள்ளி ராண்டால்ஃப் காலியர். அவர் ஓரிகான் எல்லைக்குப் பக்கத்திலுள்ள வைரீகா ஊர்க்காரர். லாஸ் ஏஞ்சலஸின் சாலைகளை அந்த எல்லையோர ஊர் தீர்மானித்தது.

ஊர் எப்படி ஊரானது

நான் வேலை பார்த்த பகுதியிலிருந்து வண்டியில் சிறிது நேரம் போனால் லேக்வுட். 1950இல் அவரைச் செடி பயிரிட்ட வயல்களில் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் 17,500 வீடுகள். குழி தோண்டுகிறவர், மரச்சட்டம் நிறுத்துகிறவர், வண்ணம் பூசுகிறவர் என்று ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையை வீடு வீடாகச் செய்துகொண்டே நகர்ந்தது. படைவீரர் கடனில் முன்பணம் இல்லாமல் வீடு கிடைத்தது.

வீட்டைவிடச் சுவாரசியமானது நகராட்சி. பக்கத்து லாங் பீச் நகரம் தங்களை விழுங்கிவிடுமோ என்று அஞ்சி 1954இல் லேக்வுட்வாசிகள் தனி நகரமாகிக்கொண்டார்கள். ஆனால் தனிக் காவல்துறை, தனித் தீயணைப்பு என்று எதையும் அமைக்கவில்லை. எல்லாவற்றையும் கவுண்டியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃபின் ஆட்களே ரோந்து வந்தார்கள். செலவு குறைவு, நில உபயோக அதிகாரம் மட்டும் கையில். இரண்டு ஆண்டுக்குள் கடை விற்பனையில் ஒரு சதவீதம் உள்ளூருக்கு வரியாக என்று சட்டம் வந்ததும் சுற்றுவட்டாரம் முழுக்க நகரங்கள் முளைத்தன.

இவற்றின் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இன்றைய செரிட்டோஸ் 1956இல் ‘டெய்ரி வேலி’ என்ற பெயரில் பிறந்தது. வீட்டு மனை வியாபாரிகளிடமிருந்து மாட்டுப் பண்ணைகளைக் காப்பாற்றப் பால் பண்ணைக்காரர்கள் அமைத்த நகரம் அது. மனிதர்களைவிட மாடுகள் பல மடங்கு. பத்து ஆண்டுக்கெல்லாம் நிலத்தின் விலை பண்ணைக்காரர்களின் மனத்தை மாற்றிவிட்டது. 1957இல் தொழிற்சாலைகளுக்காகவே ‘இண்டஸ்ட்ரி’ என்ற நகரத்தை அமைத்தார்கள். நகரமாக 500 பேர் வேண்டும் என்று விதி. ஆள் போதாமல் அங்கிருந்த மனநல விடுதியின் நோயாளிகளையும் கணக்கில் சேர்த்தார்கள்.

உங்கள் ஊரை ஆராயும்போது அது நகரமான ஆண்டையும், அப்போது அதன் எல்லை ஏன் அப்படி வளைந்து நெளிந்து போனது என்பதையும் கேளுங்கள். எல்லையின் ஒவ்வொரு வளைவும் ஒரு வரி, அல்லது ஒரு வெறுப்பு.

கிரயப் பத்திரம்

வெறுப்பு என்று சொன்னேன். அதற்குக் காகிதச் சான்று உண்டு. கலிபோர்னியாவில் 1940களுக்கு முன்பும் அப்போதும் பிரித்த மனைகளின் பத்திரத்தைக் கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளையர் அல்லாத எவரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர் நீங்கலாக என்று தட்டச்சில் இருக்கும். வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் சில என் மேசைக்கே அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து முகம் சிவக்கக் கேட்டிருக்கிறார்கள். 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. எழுத்து மட்டும் பத்திரத்தில் தங்கிவிட்டது. இப்போது அது செல்லாது என்ற முத்திரையோ மேலுறைப் பக்கமோ சேர்த்துத்தான் தருவார்கள். நீக்கித் திருத்தப் பத்திரம் பதியவும் வழி உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கறுப்பின மக்கள் 1940இல் 64,000 பேர்; 1960இல் 3.3 லட்சத்துக்கு மேல். பெருகியவர்களுக்கு இடம் பெருகவில்லை. லேக்வுட் போன்ற புதிய ஊர்கள் ஏறத்தாழ முழுக்க வெள்ளையருடையவை. 1963இல் சட்டமன்றம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் ரம்ஃபோர்டு சட்டத்தைக் கொண்டுவந்தது. 1964 நவம்பரில் அதை ரத்து செய்யும் ‘முன்மொழிவு 14’ மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான ஆதரவுடன் வென்றது. அதே நாளில், அதே சீட்டில், நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சனையும் கலிபோர்னியர்கள் பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவுண்டிவாரியாகப் பாருங்கள். கலிபோர்னியாவை முற்போக்கு மாநிலம் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிறவர்களுக்கும், ஆரஞ்சு கவுண்டி வலதுசாரிகளின் மாநிலம் என்று முடிக்கிறவர்களுக்கும் அங்கே பதில் இருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிற வேற்றுமையை ஒழிக்க வாக்களித்தவர் தம் தெருவில் அதைக் காத்துக்கொண்டார். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பினப் பகுதியான வாட்ஸ் கலவரத்தில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். முன்மொழிவு 14ஐ மாநில உச்ச நீதிமன்றம் 1966இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இலும் செல்லாதென்றன.

வரிச் சீட்டு

ஒரே தெரு, ஒரே ஆண்டில் கட்டிய, ஒரே அளவு வீடுகள் இரண்டு. இரண்டின் சொத்து வரியையும் கவுண்டியின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1975இல் 40,000 டாலராக மதிப்பிட்ட வீடு கைமாறவே இல்லை என்றால், ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் ஏறி 2024இல் அதன் மதிப்பீடு சுமார் 1.06 லட்சம் டாலர்; ஒரு சதவீத வரி 1,060 டாலர் போல. பக்கத்து வீட்டை ஒருவர் 8 லட்சம் டாலருக்கு வாங்கினால் அவருக்கு 8,000 டாலர். குப்பை வண்டி இருவர் வாசலுக்கும் ஒரே நாளில்தான் வருகிறது.

இது 1978 ஜூனில் வந்த முன்மொழிவு 13. ஏன் வந்தது என்பதற்கும் மக்கள் பெருக்கத்தின் நூலைப் பிடித்தே போகலாம். வீடு தேடுவோர் பெருகினர், 1970களில் பணவீக்கமும் சேர்ந்து விலை எகிறியது. முன்பு மதிப்பீட்டாளர்கள் வீடுகளைக் குறைத்து மதிப்பிட்டு வந்தார்கள். ஒரு லஞ்ச ஊழலுக்குப் பின் 1966இல் வந்த சட்டம் எல்லாச் சொத்தையும் ஒரே விகிதத்தில் மதிப்பிடச் சொன்னது. நேர்மை வந்தது, வீட்டுக்காரரின் வரியும் ஏறியது. 1971இல் செரானோ வழக்கில், பணக்கார ஊர் பிள்ளைக்கும் ஏழை ஊர் பிள்ளைக்கும் பள்ளிப் பணம் இவ்வளவு வேறுபடக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதும், தங்கள் வரி தங்கள் ஊர்ப் பள்ளிக்கே என்ற எண்ணமும் தளர்ந்தது. 1950இல் இளம் தம்பதியாக லேக்வுட் போன்ற ஊர்களுக்கு வந்தவர்கள் இப்போது ஓய்வுக்கு நெருங்கியவர்கள். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். ஹோவர்டு ஜார்விஸும் பால் கானும் கொண்டுவந்த திட்டத்துக்கு ஏறத்தாழ 65 சதவீதம் பேர் ஆதரவு.

எனக்கு இதில் கசப்பு உண்டு, மறைக்க விரும்பவில்லை. வரிப் பணத்தில் பள்ளியும் கல்லூரியும் ஃப்ரீவேயும் பெற்ற தலைமுறை, ரயிலில் இடம் பிடித்தவர் அடுத்த நிலையத்தில் ஏறுகிறவரைப் பார்த்து இடமில்லை என்று கத்துவது போலத்தான் நடந்துகொண்டது. வரி தாங்காமல் வீட்டை விற்க நேருமோ என்று தூக்கம் இழந்த முதியவர்களும் இருந்தார்கள் என்பது உண்மைதான். இரண்டும் ஒரே வாக்குப் பெட்டியில் விழுந்தன.

இதன் விளைவை நான் மேசையிலிருந்தே பார்த்தேன். சொத்து வரி வறண்டதும் நகரங்கள் விற்பனை வரியைத் துரத்தின. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு விண்ணப்பம் வந்தால் ஆயிரம் ஆட்சேபம். கார் விற்பனை வளாகத்துக்கோ பெரிய அங்காடிக்கோ வந்தால் சிவப்புக் கம்பளம். உள்ளூரில் பணம் இல்லாததால் பள்ளிக்கும் நகராட்சிக்கும் சாக்ரமென்டோவைக் கையேந்த வேண்டியதாயிற்று. மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றும் அதே முன்மொழிவு விதித்திருந்தது.

வளர்ச்சியை நிறுத்தும் விதிகளையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்: 1970இன் சுற்றுச்சூழல் தரச் சட்டம், கடற்கரையைக் காக்க 1972இல் வந்த முன்மொழிவு 20, ஆண்டுக்கு 500 வீட்டுக்கு மேல் கூடாது என்று அதே ஆண்டு வரம்பு போட்ட பெட்டலுமா நகரம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. புகைமூட்டத்தில் கண் எரிந்த ஊர் இது. பின்னால் வந்தவர்களுக்கு வீடு கிடைக்காமல் போனதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

வசிப்பவர் வேறு, வாக்களிப்பவர் வேறு

1965இல் குடியேற்றச் சட்டம் மாறியபின் வந்தவர்களைப் படிக்கும்போது கணக்கெடுப்பு அட்டவணை மட்டும் போதாது. மாநிலச் செயலர் அலுவலகம் வெளியிடும் வாக்குப்பதிவுக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். 1994இல் ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் முன்மொழிவு 187 சுமார் 59 சதவீத ஆதரவில் வென்றது. அன்று வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் வெள்ளையர் என்று வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின; மாநில மக்களில் அவர்கள் பாதியைச் சற்றே தாண்டியிருந்தார்கள். 1960இல் செனட்டில் இருந்த அதே இடைவெளி இப்போது வாக்காளர் பட்டியலுக்கு இடம் மாறியிருந்தது. நீதிமன்றம் அந்த முன்மொழிவின் பெரும்பகுதியை முடக்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிந்ததையும், குடியரசுக் கட்சி மாநில அளவில் தேய்ந்ததையும் ஒரே காகிதத்தில் குறித்துக்கொண்டே வரலாம்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, ஒரே ஒரு பிற்பகல்தான் உண்டு என்கிறவர்களுக்கு என் பரிந்துரை: 1964 நவம்பர் வாக்காளர் கையேட்டை இணையத்தில் எடுங்கள். முன்மொழிவு 14க்கு ஆதரவாகவும் எதிராகவும் அச்சிட்ட வாதங்கள் அதில் அருகருகே இருக்கும். எந்தத் தரப்பு யாருடைய வீட்டைப் பற்றிப் பேசுகிறது, யாருடையதைப் பற்றிப் பேசவே இல்லை என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு 1978 ஜூன் கையேட்டில் முன்மொழிவு 13இன் பக்கத்தைத் திறந்து அதையே செய்யுங்கள். இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தால், 53ஆக இருந்த கலிபோர்னியாவின் மக்கள் சபை இடங்கள் 2020 கணக்கெடுப்புக்குப் பின் வரலாற்றில் முதன்முறையாக ஒன்று குறைந்து 52 ஆனதை எடுத்துக்கொண்டு, ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ கவுண்டிகளின் பத்தியிலிருந்து தொடங்குங்கள்.